விசில் திருடிய டீச்சர்

காலை ஏழு நாற்பதுக்கு ஏரல் பஸ் நிலையத்தில் ஒரு கண்டக்டர் விசில் இல்லாமல் நிற்பது எத்தனை கேவலம் என்று கண்டக்டராக இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். தோல் பையைத் துழாவுகிறேன். சட்டைப் பையைத் துழாவுகிறேன். கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். பஸ் நிறைய ஆள், பின்படியில் இரண்டு வாழைத்தார், டிரைவர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் பக்கத் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டு தட்டி, "ரைட்" என்று கத்தினேன்.

"என்னவே, விசில வித்துத் தின்னுட்டீரா?" என்றார் டிரைவர். முன் சீட்டில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். அன்றைக்குத் திருநெல்வேலி வரைக்கும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே போனேன்.

மத்தியானம் ஊருக்குத் திரும்பியபோது விசில் அகப்பட்டுவிட்டது. பால்வாடி வாசலில், பீடி சுற்றும் அன்னத்தாயின் நாலு வயது மகள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எச்சில் ஒழுக ஊதிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி இருபது பிள்ளைகள் பஸ்ஸாக ஓடிக்கொண்டிருந்தார்கள். என் மனைவி இசக்கித்தாய் வேப்பமரத்தடியில் நின்று, "குரும்பூர் இறங்குத ஆளெல்லாம் முன்னால வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சி வந்திருக்க வேண்டுமே. வரவில்லை.

"நல்லவேளை வந்திய. டிக்கெட்டு கொண்டாந்தியளா?" என்று கேட்டாள்.

இந்த மாதிரி ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்தியவன் நான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் எங்கள் ஊர்ப் பால்வாடியில் டீச்சர். ஏரலுக்கு மேற்கே மூன்று மைல் தூரத்தில், வாழைத் தோட்டங்களுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே எங்கள் ஊர். தொண்ணூறாம் வருஷம் அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரத்துக்கும் மூடி கிடையாது. மூடிகளெல்லாம் பால்வாடியில் பிள்ளைகள் பெரிசு சிறிசு பார்த்து அடுக்குவதற்குப் போய்விட்டன. நான் முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பாவைக் காணோம் என்று தேடினால், அதில் சீரகம் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்க்கிறார்கள். இன்னொரு டப்பாவில் காப்பித்தூள். இன்னொன்றில் வேப்பிலை. தையல்காரரிடம் போய்த் துண்டுத் துணிகளும் காலி நூல்கட்டைகளும் வாங்கி வருவாள். ஆற்று மணலை எங்கள் வீட்டு மாவுச் சல்லடையில் சலிக்கக் கொடுப்பாள். பிறகு அதே சல்லடையில் மாவு சலித்துத் தோசை சுடுவாள். பல்லில் நறநறவென்று மணல் கடிபட நான் எத்தனை நாள் வேலைக்குப் போயிருக்கிறேன் தெரியுமா?

பஸ்ஸில் பயணிகள் இறங்கும்போது கீழே போட்டுவிட்டுப் போகிற பழைய டிக்கெட்டுகளையும் விட்டு வைக்கவில்லை. எங்கள் டிக்கெட் ஒவ்வொரு விலைக்கும் ஒவ்வொரு நிறம். பச்சை, ரோஸ், மஞ்சள், வெள்ளை. "கூட்டிப் பையில போட்டுக் கொண்டாங்க. பிள்ளைய நிறம் பிரிக்கட்டும்" என்றாள். நானும் டெப்போவில் எல்லாரும் போன பிறகு குனிந்து பொறுக்கினேன். வாயில் நல்ல வார்த்தையாக வரவில்லை, ஆனால் பொறுக்கினேன்.

எதைக் கேட்டாலும் அவளிடம் ஒரே பதில்தான். மூளை. "பொறந்த பிள்ளைக்கு மூளைக்குள்ள கோடிக்கணக்கா நரம்பு இருக்குங்க. அதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கை கோக்கணும். தொட்டா, மோந்தா, பேசுனா, பேச்சக் கேட்டா கோத்துக்கிடும். சின்ன வயசுலதான் அது வேகமா நடக்கும். அந்த வயச விட்டுட்டு அப்புறம் எட்டாம் வகுப்புல டியூசன் வச்சு என்ன செய்ய?" இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரியிடம் சொல்வாள். என் பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஏறுகிற பெண்ணிடம் சொல்வாள். அன்னத்தாய் வீட்டுக்குப் போய் அவள் சுளகுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சொல்வாள்.

"டீச்சர், ஆயிரம் பீடி சுத்துனாத்தான் எனக்குச் சோறு. பிள்ளைகிட்டப் பேச எங்க நேரம் இருக்கு?" என்று அன்னத்தாய் கேட்டாள்.

"கைதான சுத்துது? வாய் சும்மாத்தான இருக்கு? இல எங்க இருந்து வருதுன்னு சொல்லு. நூலு என்ன நிறம்னு கேளு."

"அதுக்கு என்ன தெரியும்?"

"நீ சொன்னாத்தான தெரியும்?"

அன்னத்தாய் என்னைப் பார்த்தாள். வீட்டிலும் இப்படித்தானா என்று அவள் பார்வை கேட்டது. நான் வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

இசக்கித்தாய்க்கு இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். அவள் பிறந்தது திசையன்விளைக்குத் தெற்கே செம்மண் காட்டில். அப்பா அம்மா இரண்டு பேரும் முருங்கைத் தோட்டத்தில் கூலி வேலை. அவளோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் பதினோரு பேர். பத்தாவது வரை வந்தவள் அவள் ஒருத்திதான். மற்ற பத்துப் பேரில் அவளுடைய சொந்த அண்ணனும் ஒருவன். பள்ளிக்கூடம் போன முதல் மாதமே வாத்தியார் அவனை மக்கு என்று சொல்லிப் பின் வரிசையில் உட்கார வைத்துவிட்டார். அவன் மூன்றாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போய்விட்டான். "எங்க அண்ணன் மக்கு இல்லைங்க. ஆறு வயசு வரைக்கும் அவன்கிட்ட யாரும் ஒரு வார்த்த முழுசாப் பேசல. அவ்வளவுதான்" என்பாள். இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும். நானும் அந்த நேரத்தில் எதிர்த்துப் பேச மாட்டேன்.

மற்ற நேரமெல்லாம் பேசுவேன். ஏனென்றால் அவளுடைய பாடத்தில் முதல் பலி எங்கள் மகள் பொன்செல்விதான், அதாவது நான்தான். அந்தப் பிள்ளை காலையில் கண் விழித்தால் கேள்வி, தூங்கும்வரை கேள்வி. தேங்காய்க்குள் தண்ணீரை யார் ஊற்றினார்கள்? பஸ்ஸுக்கு ஏன் முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி? சரி, தாய்க்காரி பதில் சொல்லிவிட்டால் அது அடங்கும். இவள் ஒருநாளும் பதில் சொல்ல மாட்டாள். "நீ என்ன நினைக்க?" என்று திருப்பிக் கேட்பாள். அதோடு அந்த ஒரு கேள்வி பத்தாகிவிடும்.

ஒருநாள் செல்வி, "சைக்கிள் சக்கரம் எத்தன சுத்து சுத்துனா பால்வாடி வரும்?" என்று கேட்டுவிட்டாள். இவள் என் சைக்கிள் சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி, எங்கள் வீட்டிலிருந்து பால்வாடி வரை தள்ளிக்கொண்டே போனாள். பின்னால் அத்தனை பிள்ளைகளும் எண்ணிக்கொண்டு போனார்கள். அவர்களுக்கு இருபது வரைதான் எண்ணத் தெரியும். அதனால் இருபது ஆனதும் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போட்டுவிட்டு, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். ஏழு புளியங்கொட்டையும் பதினோரு சுற்றும் வந்ததாம். சைக்கிள் இல்லாமல் நான் மூன்று மைல் ஓடி ஏரல் போய்ச் சேர்ந்தேன். அதற்கப்புறம் ஒரு வருஷம் எங்கள் வீட்டில் எல்லாக் கணக்கும் புளியங்கொட்டையில்தான். "அப்பா, நீ இன்னைக்கு ஒரு புளியங்கொட்டையும் ரெண்டு இட்டிலியுமா தின்ன?" என்று என் மகள் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் என்னைக் கேட்டாள்.

ஊரிலும் முணுமுணுப்பு இருந்தது. "டீச்சர் நல்லவதான், ஆனா மண்ணையும் கொட்டையையும் வச்சு விளையாட்டு காட்டுதா. ஒரு எழுத்து சொல்லிக் குடுக்க மாட்டுக்கா" என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் அப்பாத்துரை அண்ணாச்சி, ஓடாமல் கிடந்த தன் அரிசி ஆலையின் கிட்டங்கியில் வெள்ளையடித்து, பெஞ்சு போட்டு, இங்கிலீஷ் நர்சரி ஆரம்பித்தார். கழுத்துக்கு டை, காலுக்கு ஷூ, இடுப்புக்கு பெல்ட். மூன்று வயதுப் பிள்ளை வீட்டுக்கு வந்து ஒன்று முதல் நூறு வரை நாலு பக்கம் எழுதியது. ஆப்பிளைக் கண்ணால் பார்த்திராத பிள்ளை ஆப்பிள் என்று சொன்னது. தாய்மார்களுக்கு வாயெல்லாம் பல்.

தொண்ணூற்றாறு ஜூனில் இசக்கித்தாயைப் பாளையங்கோட்டைக்கு ஒரு மாதப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். அங்கேயே விடுதியில் தங்க வேண்டும். பிள்ளையோடு வரக் கூடாது. அவள் போய்விட்டாள். பால்வாடியில் ஆயா மட்டும் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நாலு வயது மகளும் நானும் வீட்டில்.

முதல் மூன்று நாள் செல்வியை என்னோடு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். மீசைக்காரர் ஒருவரிடம், "மேல மட்டும் முடி வச்சிருக்கியளே, கீழ ஏன் வைக்கல?" என்று கேட்டாள். எங்கள் முதலாளி அனுப்புகிற செக்கர் ஏறியபோது, "இவுக ஏறுனதும் எல்லாரும் எதுக்குப்பா பையத் துழாவுதாக?" என்று பஸ்ஸே கேட்கிற மாதிரி கேட்டாள். அந்தக் குழப்பத்தில் இரண்டு பேருக்கு நான் டிக்கெட்டே கொடுக்கவில்லை. செக்கர் அதைக் கண்டுபிடித்தார். இதற்கு நடுவில் கால் மணிக்கு ஒரு தரம், "அம்மா எங்க?" என்று வேறு. "நாளைக்கு வந்துருவா" என்றேன். மறுநாளும் கேட்டாள், மறுநாளும் அதையே சொன்னேன். பிள்ளைகளிடம் அப்படித்தானே சொல்வோம்?

மூன்றாம் நாள் மாலை அப்பாத்துரை அண்ணாச்சி என் பஸ்ஸில் ஏறினார். பெரிய மனுஷர். அவர் வந்தால் நான் முன் சீட்டில் இடம் பிடித்துத் தருவேன்.

"ஏன்வே பிள்ளையப் போட்டு இந்த வெயில்ல அலைக்கழிக்குதீரு? நம்ம பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும். டீச்சர் மவளே வந்தா எனக்கும் பெரும, உமக்கும் பெரும" என்றார்.

அவருக்கு என்ன பெருமை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கு என்ன பெருமை என்பது மட்டும் நன்றாக உறைத்தது. மறுநாளே சேர்த்துவிட்டேன். சிவப்பு டை கட்டி, தலையை ஒட்டச் சீவி, செல்வியைச் சைக்கிளில் வைத்துத் தெரு முழுக்கச் சுற்றிக் கொண்டுபோய் விட்டேன். சும்மா சொல்லக் கூடாது, கலெக்டர் பிள்ளை மாதிரி இருந்தாள்.

ஒரே வாரத்தில் வீடு வீடாகிவிட்டது. கேள்வி நின்றுவிட்டது. அம்மா எங்கே என்றும் கேட்கவில்லை. சரி, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நான் பேப்பர் படித்தேன். மத்தியானம் படுத்தால் தூங்கினேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது மட்டும் என் எதிரே உட்கார்ந்து வலது கையைத் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். பஸ்ஸில் நிற்கிறவர்கள் மேல் கம்பியைப் பிடித்திருப்பதைப் போல அசையாமல் கை மேலேயே இருக்கும். பஸ் விளையாட்டை இன்னும் விடவில்லை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பையிலிருந்து ஒரு பழைய டிக்கெட்டை எடுத்து அவள் கையில் வைத்து, "திருச்செந்தூர் ஒண்ணு. கம்பிய விட்டுட்டு எறங்கும்மா" என்பேன். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு கையை இறக்கிவிடுவாள். தினமும் இது நடந்தது. அப்பனும் மகளும் நன்றாக விளையாடுகிறோம் என்று பெருமையாக இருந்தது எனக்கு.

பயிற்சி முடிந்து ஒரு புதன்கிழமை சாயங்காலம் இசக்கித்தாய் வந்தாள். ஒரு மூட்டை நிறையத் தேங்காய்ச் சிரட்டையும் புதிய பாட்டுகள் எழுதிய நோட்டும் கொண்டுவந்தாள். வாசலில் டை கட்டி நின்ற மகளைப் பார்த்தாள். செல்வி ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எதுவும் கேட்கவில்லை.

"பிள்ள ஏன் பேச மாட்டுக்கா?" என்றாள் இசக்கித்தாய்.

"அடக்கம் வந்துருக்கு" என்றேன்.

அவள் மூட்டையை இறக்கி வைத்தாள். சண்டை போடுவாள் என்று தயாராக இருந்தேன். "நீங்க என்ன நினைச்சுச் சேத்திய?" என்று கேட்டாள். கோபமே இல்லை அந்தக் குரலில். நாலு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற அதே குரல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மாதம் ஒற்றை ஆளாக வீட்டையும் வேலையையும் பார்த்த மனுஷனிடம் பேசுகிற பேச்சா இது என்று கத்தினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, வரும் வழியில் ஆயா சொன்னதைச் சொன்னாள்.

பால்வாடியில் இருந்தது இருபத்திரண்டு பிள்ளைகள். இந்த ஒரு மாதத்தில் செல்வியையும் சேர்த்துப் பதினோரு பேர் நின்றுவிட்டார்கள். "டீச்சர் மவளே நர்சரிக்குப் போவுது. நம்ம பிள்ளைக்கு மட்டும் என்ன தலையெழுத்து?" என்று ஊரில் ஒரே பேச்சு. வெள்ளிக்கிழமை பால்வாடிகளுக்கு மேலதிகாரியான ராஜலக்ஷ்மி மேடம் பார்வையிட வருகிறார். இருபதுக்குக் குறைந்தால் மையத்தை வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்களாம். அவ்வளவு தூரம் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்? மிச்சம் இருக்கிற பதினோரு பேரும் தெருப்புழுதியில் நிற்க வேண்டியதுதான்.

வியாழக்கிழமை முழுக்க அவள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அன்னத்தாய் சுளகிலிருந்து தலையைத் தூக்காமலே, "மொதல்ல உங்க மவ கழுத்துல கெடக்கத அவுத்துட்டு வாங்க டீச்சர். அப்புறம் எங்க வீட்டுக்கு வாங்க" என்றாளாம். என் மனைவி திரும்பி வந்து, கால் கூடக் கழுவாமல் அடுக்களையில் உட்கார்ந்தாள்.

"நீயே போய் நர்சரியில இருந்து பேர எடுத்துட்டு வந்துருக்க வேண்டியதுதான?" என்றேன்.

"நான் எடுத்தா தலைக்கணக்குக்காக எடுத்தான்னுதான் சொல்லுவாக. சேத்தது நீங்க. எடுக்கதா இருந்தா நீங்கதான் எடுக்கணும்."

அப்பாத்துரை அண்ணாச்சி முகத்தில் முழித்து நான் எப்படிச் சொல்வது? தினமும் என் பஸ்ஸில் ஏறுகிற மனுஷர். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பஸ் தொழிலில் இருக்கிறவனுக்குத்தான் அப்படி ஒரு வழி தோன்றும். செக்கர் வருகிற அன்றைக்கு மட்டும் எல்லாம் சரியாக இருந்தால் போதாதா? "நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் செல்விய அங்கன உக்கார வைக்கேன். மத்த பிள்ளைகளையும் பத்திட்டு வாரேன். மேடம் எண்ணிட்டுப் போகட்டும். திங்கக்கிழம அதது இருந்த எடத்துக்குப் போயிரட்டும்" என்றேன்.

"இரவல் பிள்ள எனக்கு வேண்டாம்" என்றாள்.

வந்ததே கோபம் எனக்கு. உதவி செய்கிறேன் என்று வந்தவனை இப்படிச் சொன்னால்? வேண்டாம் என்று சொன்னதனாலேயே செய்தேன்.

வெள்ளிக்கிழமை டூட்டியை மாற்றிக்கொண்டு, காலை ஒன்பது மணிக்குச் செல்வியைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் நின்றேன். விசிலை எடுத்து ஊதினேன். "பால்வாடி, பால்வாடி, ஏறு ஏறு, எடம் இருக்கு" என்று ஏரல் பஸ் நிலையத்துக் குரலில் கூவினேன். டை கட்டி நர்சரிக்குக் கிளம்பி நின்ற பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வந்தன. தாய்மார்களிடம், "ஒரே ஒரு நாள் மதினி. சாயங்காலம் உங்க பிள்ளய உங்ககிட்டயே ஒப்படைக்கேன்" என்று கெஞ்சினேன். கண்டக்டரே இப்படித் தெருவில் நின்று கூவுகிறானே என்று அவர்களுக்குச் சிரிப்பு. ஒன்பது பிள்ளைகள் தேறின. என் மகளோடு பத்து. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு பால்வாடிக்குப் போனோம். மேடத்தைப் பார்க்கலாம் என்று தாய்மார்களும் பின்னாலேயே வந்து சன்னலோரம் நின்றார்கள்.

ராஜலக்ஷ்மி மேடம் குடையும் கைப்பையுமாக வந்தார். பிள்ளைகள் ஓடியாடுவதில் எண்ண முடியவில்லை. எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்து, "எங்க, எல்லாரும் ஒரு கையத் தூக்குங்க பாப்போம்" என்றார். தூக்கின. எண்ணினார். இருபத்தொன்று. நானும் சன்னல் வழியாக எண்ணிவிட்டேன்.

"சரி, இறக்குங்க" என்றார்.

பதினோரு கை இறங்கியது. பத்துக் கை இறங்கவில்லை. பின்படியில் நின்றபடியே பஸ்ஸுக்குள் எத்தனை தலை என்று சொல்லிவிடுகிற கண் எனக்கு. அது தப்பாது. மேலே நின்ற பத்தும் நான் கூட்டி வந்த பத்து. மேடம் இன்னொரு தரம் சொன்னார். அந்தக் கைகள் அப்படியே நின்றன.

எனக்கு வழக்கமான விளையாட்டு ஞாபகம் வந்தது. "ஏட்டி செல்வி, ஸ்டாப்பு வந்துட்டு, கம்பிய விடு" என்று சன்னலில் இருந்து சொன்னேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

இசக்கித்தாய் மகளுக்கு முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள். "எதுக்கும்மா கை மேல இருக்கு?"

செல்வி மேடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். "கேள்வி கேக்கணும்னா கையத் தூக்கணும். மிஸ் பேரு சொல்லுத வரைக்கும் எறக்கக் கூடாது. எறக்குனா முட்டங்கால் போடணும்."

"மிஸ் பேரு சொல்லுவாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. மணி அடிச்சிரும்."

மேடம் பேனாவைத் திறந்தார். "இவங்கல்லாம் திங்கட்கிழமையும் வருவாங்கதானே?" என்று என் மனைவியைக் கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வேலை தப்பிக்கும், பால்வாடி தப்பிக்கும். இசக்கித்தாய் எழுந்து நின்றாள்.

"இந்தப் பத்துப் பேரும் இன்னைக்கு மட்டும் வந்துருக்காங்க மேடம். பெத்தவங்க அங்கன நிக்காங்க. அவங்களக் கேளுங்க" என்று சன்னலைக் காட்டினாள்.

இவளை என்ன செய்வது என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் கை எழவில்லை. தினம் ராத்திரி என் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே நின்ற அந்தக் கை என் கண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. நானே எடுத்து எடுத்துக் கொடுத்த பழைய டிக்கெட்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"என் மவ வருவா மேடம். தெனமும் வருவா. நான் அண்ணாச்சிகிட்டச் சொல்லிக்கிடுதேன்" என்றேன்.

அன்னத்தாய் நேரே உள்ளே போனாள். தன் மகள் தூக்கியே வைத்திருந்த கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "என்னட்டி கேக்கணும்? கேளு" என்றாள். அந்தப் பிள்ளை, "விசிலு யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டது.

திங்கட்கிழமை அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் வந்தார்கள். ஆகப் பத்தொன்பது. மேடம் மூன்று மாதம் தவணை கொடுத்தார். அதற்குள் ஆளுக்கு ஆள் சொல்லி இன்னும் நாலு பிள்ளைகள் சேர்ந்துவிட்டன. பால்வாடி எங்கள் ஊரிலேயே நிலைத்தது. அப்பாத்துரை அண்ணாச்சி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. முன் சீட்டை மட்டும் வழக்கம்போல் பிடித்துக்கொண்டார். விசிலை நானே கொண்டுபோய் இசக்கித்தாயிடம் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொண்டேன். பாத்திரங்களுக்கு இன்றுவரை மூடி இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் செல்வியைச் சைக்கிளின் முன்கம்பியில் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"வீட்டுலயும் கையத் தூக்கிட்டே இருந்தியே, என்னட்டி கேக்கணும்னு நினைச்ச?" என்றேன்.

"அம்மா எப்ப வருவான்னு" என்றாள். "நீ தெனமும் டிக்கெட்டுதான் தந்த."

நான் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

"அந்த டிக்கெட்டையெல்லாம் என்ன செஞ்ச?"

"பெட்டிக்குள்ள வச்சிருக்கேன். ஒரு புளியங்கொட்டையும் மூணும் இருக்கு."

இருபத்து மூன்று.